கடைமடைக் கற்பகம்

காவிரிப் படுகையின் பெருமை பாட வந்த புலவர்கள் கோபுரத்தைப் பாடினார்கள், தேரைப் பாடினார்கள், தெப்பக்குளத்தைப் பாடினார்கள். திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு கடைமடைக் கிராமத்தில் இவை எல்லாவற்றையும்விட உறுதியாக ஒன்று நிற்கிறது. எந்தப் புயலும் அதன் ஓர் ஓட்டைக்கூடப் பெயர்த்ததில்லை. எந்த வெள்ளமும் அதன் அடித்தளத்தை அரித்ததில்லை. அதைப் பராமரிக்க அரசுக்குப் பத்துப் பைசா செலவில்லை, குடமுழுக்குக்கு வசூல் இல்லை. ஆட்சி மாறினாலும், ஆட்சியர் மாறினாலும், பருவமே தவறினாலும் தான் மாறாத அந்த அற்புதத்துக்குப் பாடல் பெற்ற தலங்களின் வரிசையில் இன்னும் ஓர் இடம் கிடைக்காதது தமிழுக்கே நேர்ந்த குறை. ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழும் ஒரு பெரியவரின் கடவுள் நம்பிக்கையைத்தான் சொல்கிறேன்.

மா என்றால் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. ஆறு மா என்பது இரண்டு ஏக்கர். இரண்டு ஏக்கரில் ஊன்றி நின்று இத்தனை பேருக்கு நிழல் கொடுக்கும் மரம் தேவலோகத்துக் கற்பகத்தைத் தவிர வேறு கிடையாது என்பது என் துணிபு. கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுப்பதும், தனக்கென்று ஒரு கனியும் வைத்துக்கொள்ளாததும் கற்பகத்தின் இலக்கணம். பெரியவர் அந்த இலக்கணத்தில் ஓர் எழுத்தும் பிசகாதவர்.

2023 பிப்ரவரித் தொடக்கம். வங்கக் கடலில் உருவாகி இலங்கைக் கரையைக் கடந்த தாழ்வு மண்டலம் டெல்டாவின் மேல் மழையைக் கொட்டிய நாட்கள். சம்பா அறுவடைக்கு நின்றது. பெரியவரின் வயலில் மணி முற்றி, கதிர் தலை கவிழ்ந்து, அறுவடை வண்டிக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. மழை ஓய்ந்த காலையில் போய்ப் பார்த்தால் வயல் இருந்த இடத்தில் ஏரி. ஐந்து மாதம் நின்ற பயிர் பாய் விரித்ததுபோல் சாய்ந்து தண்ணீருக்குள் படுத்திருந்தது. மேலும் சில நாளில் நெல் கதிரிலிருந்தபடியே வெள்ளை வெள்ளையாய் முளைவிட்டது.

வரப்பில் நின்ற பெருந்தகையாளர் இரு கைகளையும் கூப்பி, கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்தார். சாதாரண மனிதர்கள் இப்படிப்பட்ட வேளையில் காரணம் தேடி அலைவார்கள். அவருக்குத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

"போன ஆடியில அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிறதாச் சொல்லியிருந்தேன் தம்பி. கையில காசு இல்லேன்னு தள்ளிப்போட்டேன். அதான், பார்த்துட்டாரு."

என்ன ஞானம்! விசாரணை ஆணையம் அமைத்து, அதற்கு மூன்று முறை காலநீட்டிப்புக் கொடுத்து, அறிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அப்படியும் கண்டுபிடிக்க முடியாத குற்றவாளியை அந்தப் பெரியவர் ஒரு மூச்சில் கண்டுபிடித்துவிட்டார். அது அவரேதான். குற்றவாளியும் சாட்சியும் நீதிபதியும் ஒரே நாலு முழ வேட்டிக்குள் அடங்கிய இப்படியொரு நீதிமன்றம் பூவுலகில் வேறெங்கும் நடப்பதாகத் தெரியவில்லை. வாய்தா கிடையாது. மேல்முறையீடும் கிடையாது.

அவர் நின்ற இடத்திலிருந்து இருபது அடி தூரத்தில் வடிகால் வாய்க்கால் இருந்தது. வயலின் மிகை நீரை வாங்கிக் கொண்டுபோய் ஆற்றில் சேர்ப்பதற்காக முன்னோர் வெட்டிய வாய்க்கால். அதில் அப்போது தண்ணீர் தெரியவில்லை. நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு அடர்ந்து, அதன் ரோஜா நிறப் பூக்கள் மழையில் குளித்துச் சிரித்துக்கொண்டிருந்தன. இடைவெளியெல்லாம் ஆகாயத்தாமரை பச்சைப் பட்டு விரித்திருந்தது. இந்த நந்தவனத்தின் முகப்பில் ஒரு பலகை. இன்ன வாய்க்கால், இத்தனை கிலோமீட்டர், இத்தனை லட்சம் ரூபாயில் தூர்வாரப்பட்டது என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது. வயல், வரப்பு, பாதை எல்லாம் மூழ்கிய அந்த நாளிலும் பலகை மட்டும் மூழ்கவில்லை. எவ்வளவு உயரத்தில் வெள்ளம் வரும் என்று கணித்துப் பலகை நட்ட அந்தப் பொறியியல் திறத்தை வாயார வாழ்த்த வேண்டும்.

பெரியவரின் திருவிழிகள் கோபுரத்திலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து வானத்துக்கும் போய்வந்தன. இடையில் இருந்த பலகையின் மேல் ஒரு கணமும் தங்கவில்லை. படிக்கத் தெரியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், தேவாரம் பிழையில்லாமல் ஓதுவார். மண்ணுலகத்து எழுத்துகளில் மனம் செல்லாத பக்குவம் அது. அந்தப் பக்குவத்தின் பயனாக ஓர் ஒப்பந்ததாரரின் இல்லத்தில் அன்றிரவு எல்லோரும் நிம்மதியாக உறங்கினார்கள். ஓர் அதிகாரியின் பதவி உயர்வுக்குப் பங்கம் வரவில்லை. அய்யனார் பழியை ஏற்றுக்கொண்டார். அவருக்கு ஓய்வூதியம் நின்றுபோகும் கவலை கிடையாது.

பெரியவர் வீட்டு அம்மாளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கணவரின் உயரத்தை அவர் இன்னும் எட்டவில்லை. பழைய காலண்டர் தாள்களைத் தைத்து ஒரு நோட்டு வைத்திருக்கிறார். உழவு, விதை, நாற்றுப் பறி, நடவுக் கூலி, களை, யூரியா, மருந்து என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார். ஏக்கருக்கு முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்ட அந்தக் கணக்கின் அடியில் 'தோடு' என்று ஒரு சொல் இருக்கிறது. தோடு கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனுக்குப் போயிருக்கிறது. காதில் வேப்பங்குச்சி. அன்று வரப்பில் அவர் சொன்னது இது:

"அய்யனார் என்னங்க பண்ணுவாரு? வாய்க்கால வெட்டச் சொல்லி மூணு வாட்டி மனு எழுதிக் குடுத்தோமே, அத அவருகிட்டயா குடுத்தோம்?"

பெரியவர் அதிர்ந்துபோனார். "சாமிய இழுக்காத" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மனைவிக்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். கணக்கு எழுதும் பழக்கம் மனிதரை எவ்வளவு கீழே இறக்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த அம்மாள் மட்டும் அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டால் அந்த வீட்டில் பூரண அமைதி நிலவும்.

கதிரில் முளைத்த நெல்லைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இளையான்குடி மாறநாயனார் நினைவுக்கு வருகிறார். அவரும் உழவர். வளம் எல்லாம் போய் வறுமையில் வாடிய காலத்தில், மழை கொட்டும் நள்ளிரவில் அடியார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வீட்டில் அரிசி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை இருட்டிலே போய்த் தண்ணீரிலிருந்து வாரிக் கொண்டுவந்தார் நாயனார். கூரையின் கழிகளை அறுத்து விறகாக்கினார். அம்மையார் அந்த நெல்லை வறுத்து, குத்தி, சோறாக்கினார். வந்தவர் சிவபெருமான். உமையோடு காட்சி தந்து, குபேரனையே நாயனாருக்கு ஏவல் செய்ய வைத்தார் என்பது பெரியபுராணம்.

பெருமையெல்லாம் நாயனாருக்குத்தான். ஆனாலும் என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நாயனார் ஓர் இரவுதான் காத்திருந்தார். விடிவதற்குள் விடை வந்துவிட்டது. நம் பெரியவர் நினைவு தெரிந்த நாள் முதல் முளைநெல்லை வாரிக்கொண்டே இருக்கிறார். குபேரன் இன்னும் வரவில்லை. வந்தவர் எல்லாம் அடியாராக வந்து, உண்டுவிட்டு, அடையாளம் காட்டாமல் எழுந்து போனவர்களே. அப்படியிருந்தும் இலை போடுவதை அவர் நிறுத்தவில்லை. சேக்கிழார் பெருமான் இப்போது இருந்திருந்தால் அறுபத்து மூன்றோடு கணக்கை முடித்திருக்க மாட்டார்.

அரசின் கருணையும் சாமானியமன்று. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் அழிந்தவர்களுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. பெரியவரின் இரண்டு ஏக்கருக்கு 16,000 சொச்சம். அம்மாளின் நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. அரசின் அன்பை அளவுகோலால் அளப்பது பண்பாகாது. முளைத்த கதிரைக் கையில் பிடித்துக் காட்டிய பெரியவரின் படம் நாளேட்டில் வந்தது. அவரைச் சுற்றி நின்றவர்கள் அனைவரின் சட்டையும் சலவை வெண்மை. வரப்பில் இறங்காமல் ஒரு வயலின் துயரத்தை முழுவதும் உணர்ந்துகொள்ளும் ஆற்றல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நிவாரணம் பெற அடங்கலும் சிட்டாவும் வேண்டும். இந்த இடத்தில்தான் பெரியவரின் பக்தி மற்றெல்லாப் பக்தர்களுடைய பக்தியையும் விஞ்சி நிற்கிறது. அவர் உழுவது கோயில் நிலம். பட்டா பெருமான் பெயரில். மற்றவர்கள் கடவுளை உள்ளத்தில் தேடுகிறார்கள், மலையில் தேடுகிறார்கள். இவருக்கு அவர் நிலச்சொந்தக்காரர். பாட்டனார் காலந்தொட்டு அந்த மண்ணை உழுது, கலம் கலமாகக் களத்தில் அளந்து, சந்நிதியில் சேர்த்துவிட்டு, மிஞ்சியதை உண்ட குடும்பம். கடவுளுக்கும் மனிதனுக்கும் இப்படிக் கொடுக்கல் வாங்கல் இருப்பது எவ்வளவு பெரிய பேறு!

வெள்ளத்துக்கு முந்தைய போகமும் சரியில்லாததால் குத்தகை நெல்லில் பாக்கி விழுந்திருந்தது. பாக்கி உள்ளவருக்கு ரசீது எழுதுவதில்லை. ரசீது இல்லாதவர் பெயர் அடங்கலில் ஏறுவதில்லை. அடங்கலில் இல்லாதவர் பயிரிட்டதற்குச் சான்று இல்லை. பயிரிடாதவருடைய பயிர் எப்படி அழியும்? கிராம நிர்வாக அலுவலர் இதை மிகப் பொறுமையாக, மிக மரியாதையாக விளக்கினார். அவரைக் குறை சொல்ல நாவே எழாது. பட்டாதாரர் யாரோ அவர் வந்து கையெழுத்துப் போட்டால் உடனே எழுதித் தருவதாகவும் சொன்னார். பெரியவர் முகத்தில் ஒரு புன்னகை மலர்ந்தது. "பட்டாதாரரு வராமயா போயிடுவாரு" என்றார். அந்தப் பதிலில் இருந்த அத்வைதத்தை அலுவலகத்தில் இருந்தவர்கள் உணரவில்லை, அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

பயிர்க் காப்பீடும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தப் பருவத்து நெல்லுக்கு உழவர் கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை மட்டுமே. முந்தைய ஒரு வெள்ளத்தின்போது, பாக்கி விழாத நல்ல காலத்தில், பெரியவரும் கட்டியிருந்தார். அந்தத் திட்டத்தின் சமரச நோக்கு என்னை மெய்சிலிர்க்க வைக்கிறது. ஒரு மனிதனின் வயல் அழிந்ததா என்று அது கீழ்த்தரமாக விசாரிப்பதில்லை. கிராமத்தையே ஓர் உயிராகப் பாவித்து, குலுக்கலில் எடுத்த சில வயல்களில் அறுத்து எடை போட்டு, ஊரின் சராசரி என்ன என்று பார்க்கிறது. மேட்டு வயல்காரர் நன்றாக விளைவித்திருந்தால் பள்ளத்து வயல்காரர் மூழ்கவில்லை என்று பொருள். பிறர் வாழத் தாம் வாழ்ந்ததாக எண்ணும் மனநிலையைத் தவசிகள் காட்டில் பல்லாண்டு இருந்து அடைந்தார்கள். நம் உழவர்களுக்கு அது ஒரே தவணையில் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லாமல் போனால் பாவம். வெள்ளத்தில் மூழ்கிய தனி வயலைத் தனியே மதிப்பிட ஒரு வழி அந்தத் திட்டத்தில் இருந்தது. 2018-இல் நெல்லை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். நெல் தண்ணீரில் நிற்கும் பயிர்தானே, அது எப்படி மூழ்கும்? மீன் மூழ்கிச் செத்ததாக யாராவது இழப்பீடு கேட்டிருக்கிறார்களா? மறுபடியும் நெல்லைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு 2025 நவம்பரில் வந்தது. ஏழாண்டு ஆராய்ந்து, நெல்லும் மூழ்கும் என்ற முடிவுக்கு வந்த அந்த நிதானத்தை என்னென்பது! பெரியவருடைய நெல்லுக்கு அந்த நிதானம் இல்லை. அது மூன்றே நாளில் முடிவுக்கு வந்துவிட்டது.

ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சட்டமொழியில் வெள்ளம், புயல், இடி இவற்றுக்கெல்லாம் 'கடவுளின் செயல்' என்று ஒரு பெயர் உண்டு. ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள வைத்திருக்கும் சொல். பெரியவர் வரப்பில் நின்று சொன்னதும் அதே சொல்தான். குளிரூட்டிய அறையில் கழுத்துப்பட்டை கட்டிய கனவானும், சேற்றில் நிற்கும் குத்தகைக்காரரும் ஒரே இறையியலில் ஒன்றுபடும் இந்தக் காட்சியை வேறு எந்த நாட்டில் காண முடியும்?

தண்ணீர் வடிந்த பிறகு, சாய்ந்த பயிரில் கால்வாசி தேறியது. சேற்றில் இறங்க பெல்ட் வைத்த வண்டிதான் வேண்டும். அதற்கு வாடகை கூடுதல். சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் கூடுதல். அறுத்ததை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கருவியை உள்ளே விட்டால் முள் அதைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. விதியைத் தளர்த்தச் சொல்லிச் சென்னை தில்லிக்கு எழுதும். தில்லி ஒரு குழுவை அனுப்பும். குழு பிடி நெல்லைப் பையில் போட்டுக்கொண்டு போகும். அதுவரை சாலையோரத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, இரவில் தார்ப்பாயைப் போர்த்தி, அதன் மேலேயே படுத்துறங்குவார் உழவர். பனியையும் மேகத்தையும் பார்த்தபடி அவர் கழிக்கும் அந்த இரவுகளைத் தியானம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்ல?

பெரியவர் எட்டு இரவுகள் தியானித்தார். பக்கத்தில் குண்டையூர் இருக்கிறது. சுந்தரருக்கு நெல் அனுப்பிவந்த குண்டையூர்க் கிழார், மழை பொய்த்து விளைச்சல் இல்லாமல்போய் வருந்தியபோது, சிவபெருமான் ஊர் நிறைய நெல்மலையைக் குவித்தாராம். அதைத் திருவாரூருக்குக் கொண்டுசேர்க்க ஆள் வேண்டும் என்று சுந்தரர் பாட, பூதகணங்கள் ஒரே இரவில் சுமந்துபோய் வீட்டுக்கு வீடு நிறைத்தனவாம். பெரியவர் இந்தக் கதையைத் தார்ப்பாயின் மேல் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொன்னார். அந்த நிலையத்தில் அப்போது வாங்கிய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போக லாரி வராமல் வாரக்கணக்கில் அடுக்கு நின்றது. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு காணிக்கை உண்டு. அது அரசாணையில் இல்லை, ஆனாலும் அரசாணையைவிட ஒழுங்காக நடைமுறையில் இருக்கிறது. பெரியவர் அதையும் மனமாரக் கொடுத்தார். உண்டியலில் போடுவதும் சட்டைப்பையில் போடுவதும் அவருக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் ரசீது கேட்டதில்லை.

இவ்வளவு பெருந்தன்மை எல்லா உழவருக்கும் வாய்த்துவிடவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்ட பிறகு, சில உழவர்கள் ரயிலேறித் தில்லிக்குப் போனார்கள். ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். செத்துப்போன உழவர்களின் மண்டையோடு என்றார்கள். எவ்வளவு அநாகரிகம்! நாட்டின் தலைநகரில், நல்லவர்கள் நடமாடும் பாதையில், எலும்பைக் காட்டுவதா? கேள்வியை வானத்தை நோக்கிக் கேட்காமல் ஒரு கட்டடத்தை நோக்கிக் கேட்டார்கள். அதுதான் அவர்கள் செய்த பிழை. பெரியவரையும் கூப்பிட்டார்கள். பிரதோஷம் வருகிறது என்று வர மறுத்துவிட்டார். அன்று தில்லிக்கு ஒரு மண்டையோட்டின் பாரம் குறைந்தது.

வட்டிக்குக் கொடுக்கும் பிரமுகரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கு ஐந்து, மாதத்துக்கு. வெள்ளம் வடிந்ததும் முதலில் வீடு தேடி வந்து நலம் விசாரித்தவர் அவர்தான். "ஆண்டவன் கைவிட மாட்டான்" என்று ஆறுதல் சொன்னார். அந்த வார்த்தையில் அவருக்கிருந்த உறுதியை நான் கண்ணால் கண்டேன். அவர் கடன் கொடுப்பதே அந்த உத்தரவாதத்தின் பேரில்தான்.

அதே 2023 ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறந்தது. பெரியவர் வாய்க்காலில் வந்த புதுத்தண்ணீருக்குப் பூத்தூவி, கற்பூரம் காட்டி, குறுவை போட்டார். விதை கடன், உரம் கடன், உழவு கடன். தென்மேற்குப் பருவம் மெலிந்தது. மேலிருந்து வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. அணையில் நீர் வற்றியதால் அக்டோபர் 10-ஆம் நாள் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரவில்லை. பிப்ரவரியில் தண்ணீரால் செத்த அதே வயல், எட்டு மாதத்துக்குள் தண்ணீரில்லாமல் செத்தது. வடிகாலில் நின்ற காட்டாமணக்குக்கு மட்டும் இரண்டு பருவமும் ஒத்துக்கொண்டன.

வயலில் பாளம் பாளமாக வெடிப்பு. ஒரு முழம் ஆழத்துக்குக் கை போகும். அரிவாட்டாய நாயனாரின் கதை இப்படியொரு வெடிப்பில்தான் நடந்தது. அறுவடைக் கூலிக்குப் போய், கிடைத்த செந்நெல்லைச் சிவனுக்குப் படைத்துவிட்டுத் தாம் கார்நெல்லை உண்டவர். அதுவும் கிடைக்காதபோது கீரையும் தண்ணீரும் உண்டவர். படையலைச் சுமந்துபோகும்போது பசியில் கால் இடறி, எல்லாம் வயல் வெடிப்பில் சிந்திப்போயிற்று. தாங்க முடியாமல் அரிவாளால் தம் கழுத்தையே அறுக்கத் தொடங்கினார். வெடிப்புக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்துத் தடுத்தது. மாவடுவைக் கடிக்கும் ஓசையும் கேட்டதாம்.

அந்த அக்டோபரில் பெரியவரும் தம் வயல் வெடிப்பின் ஓரத்தில் நெடுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அரிவாள் இருந்தது. கருகிய பயிரை மாட்டுக்காக அறுக்க வந்ததாகச் சொன்னார். பிறகு பேசவில்லை. அம்மாள் தூரத்தில், வரப்பின் மேல், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பொழுது சாய்ந்தது. வெடிப்பிலிருந்து எந்தக் கையும் வரவில்லை. கடைசியில் வரப்பிலிருந்து அம்மாள் இறங்கிப் போய், அரிவாளைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, "எந்திரிங்க, வீட்டுக்குப் போவம்" என்றார். நம்பிக்கை குறைவான பெண்மணிதான். அதை முன்பே குறிப்பிட்டிருக்கிறேன்.

சம்பாவுக்கு மறுபடியும் விதை வாங்கினார் பெரியவர். அசைந்துவிட்டார் என்று எண்ணியவர்கள் வெட்கித் தலைகுனியட்டும். விதைக்கும் முன்பு, குளித்து, திருநீறு பூசி, தட்டில் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அர்ச்சனைச் சீட்டு வாங்கிக் கொடுத்தபோது குருக்கள் வழக்கம்போல் பெயர், நட்சத்திரம் கேட்டார்.

பெரியவர் தலையை அசைத்தார். "எனக்கு என்ன வேண்டிக் கெடக்கு? சாமி பேருக்கே பண்ணுங்க."

குருக்கள் அப்படியே செய்தார். கற்பூர ஒளியில் பட்டாதாரர் பொலிவாக இருந்தார். திருநீறு வாங்கிக்கொண்டு வெளிப் பிரகாரம் சுற்றி வந்தோம். அலுவலகச் சுவரில் புதிதாக வெள்ளையடித்து, குத்தகைப் பாக்கிதாரர் பட்டியலை எழுதி வைத்திருந்தார்கள். அர்ச்சனையில் வராத அவர் பெயர் அதில் மூன்றாவதாக, தகப்பனார் பெயரோடு, ஓர் எழுத்தும் பிழையில்லாமல் இருந்தது. அந்தப் பட்டியலையும் அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.